அதிகாலை மூன்று மணி நேரம்

கதை எழுத விரும்புவோரின் மனத்தில் இரண்டு கேள்விகள் எப்போதும் உண்டு. எழுதுவதற்கான மனநிலை எப்போது வாய்க்கும் என்பது ஒன்று. எழுத்தை நம்பி வாழ முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் பலர் காத்திருந்தே காலத்தைக் கழிக்கிறார்கள். இரண்டாம் கேள்விக்கு அவசரமாக விடை கண்டவர்களில் சிலர், முதலில் வேலையைத் துறந்து, பிறகு வறுமையினால் எழுத்தையும் துறக்கிறார்கள்.

இவ்விரு கேள்விகளுக்கும் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர் 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப். டிக்கென்ஸ், தாக்கரே ஆகியோரின் சமகாலத்தவர். அஞ்சல் துறையில் 33 ஆண்டுகள் முழுநேரப் பணி செய்தவர். 47 நாவல்களையும், அவற்றுடன் சிறுகதைகளையும் பயண நூல்களையும் எழுதியவர். எழுதுவது எப்படி என்பதை அவரளவுக்கு வெளிப்படையாகக் கணக்கு காட்டிச் சொன்ன எழுத்தாளர்கள் மிகக் குறைவு. அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே அவர் பல ஆண்டுகள் இகழப்பட்டார் என்பதும் வரலாறு.

டிராலப் 1815 ஏப்ரல் 24 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை வழக்குரைஞர், அறிவாளி, ஆனால் கடுங்கோபக்காரர். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிச் சென்றனர். ஹாரோ என்ற ஊரின் அருகே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவர் செய்த விவசாயமும் நஷ்டத்தில் முடிந்தது. புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க, உள்ளூர்வாசி என்ற சலுகையில் சேர்க்கப்பட்ட சிறுவன் டிராலப், சேறு படிந்த உடையுடன் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து வந்தான். உடன் படித்தவர்களும் ஆசிரியர்களும் அவனை ஏளனம் செய்தனர். இடையில் சேர்ந்த வின்செஸ்டர் பள்ளியில் கட்டணம் செலுத்தப்படவில்லை. கைச்செலவுப் பணம் நிறுத்தப்பட்டது. அவனுக்குக் கடன் கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்கும் சொல்லப்பட்டது.

குடும்பத்தைக் காப்பாற்றியவர் தாய் ஃபிரான்சிஸ் டிராலப். 1827-இல் அமெரிக்கா சென்று, சின்சினாட்டி நகரில் ஒரு விற்பனைக்கூடம் தொடங்கித் தோற்றுத் திரும்பியவர் அவர். அந்தப் பயண அனுபவத்தை 1832-இல் நூலாக வெளியிட்டபோது அவருக்கு 50 வயது கடந்திருந்தது. அதற்கு முன்பு அவர் ஒரு நூலும் வெளியிட்டதில்லை. அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைக் கடுமையாகச் சாடிய அந்நூல் இரு நாடுகளிலும் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆயினும், அந்த வருவாயும் தந்தையின் கடனை அடைக்கப் போதவில்லை.

1834-இல் ஒரு நாள் தந்தையைக் குதிரை வண்டியில் லண்டனுக்கு அழைத்துச் சென்று விடும் பொறுப்பு டிராலப்புக்கு வந்தது. கடன்காரர்களுக்கு அஞ்சித் தந்தை பெல்ஜியத்துக்குக் கப்பலேறப் போகிறார் என்பது வழியில்தான் அவருக்குத் தெரிந்தது. வீடு திரும்பியபோது ஜப்தி அலுவலர்கள் வீட்டுக்குள் இருந்தனர். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் குடியேறிய குடும்பத்தில் காசநோய் புகுந்தது. ஒரு மகனும் அடுத்த ஆண்டில் கணவரும் மரணப் படுக்கையில் கிடக்க, இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்த அந்தத் தாய், விடிவதற்கு முன்பே எழுந்து நாவல் எழுதினார். அந்த எழுத்தில்தான் குடும்பம் உண்டு, உடுத்து, வைத்தியம் பார்த்துக்கொண்டது. துயரம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த விடியற்காலை உழைப்பை மகன் மறக்கவும் இல்லை.

டிராலப் தம் 19-ஆவது வயதில், ஆண்டுக்கு 90 பவுண்ட் ஊதியத்தில், லண்டன் தலைமை அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே கழிந்த ஏழு ஆண்டுகளும் இருண்ட ஆண்டுகள். தாமதமாக வருபவர், ஒழுங்கற்றவர் என்று மேலதிகாரிகளிடம் பெயர் வாங்கினார். தையற்காரருக்குத் தர வேண்டிய 12 பவுண்ட் பாக்கி ஒரு வட்டிக்காரரிடம் கைமாறியது. அவரிடம் மேலும் 4 பவுண்ட் ரொக்கமாக வாங்கியிருந்தார். வட்டியும் மறுவட்டியுமாக அவர் முடிவில் செலுத்திய தொகை 200 பவுண்டைத் தாண்டியது. கூட்டு வட்டியைப் பாடமாக நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல. அனுபவித்தவருக்கு அது பிற்கால நாவல்கள் பலவற்றில் கடனாளிகளை உயிரோடு படைக்கும் அறிவாக மாறியது.

1841-இல் அயர்லாந்தில் ஒரு பணியிடம் காலியானது. மற்றவர்கள் விரும்பாத அந்தப் பணியை டிராலப் கேட்டுப் பெற்றார். பனாஹர் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டு, குதிரையேறி ஊர் ஊராகச் சென்று அஞ்சல் நிலையங்களைத் தணிக்கை செய்வதும் மக்களின் புகார்களை விசாரிப்பதும் அவரது பணி. லண்டனில் எதற்கும் உதவாதவர் என்று கருதப்பட்டவர், அங்கே திறமையான அலுவலரானார். 1844-இல் ரோஸ் ஹெசல்டைனை மணந்தார். அதற்கு முந்தைய ஆண்டே, லீட்ரிம் பகுதியில் நண்பருடன் நடந்து சென்றபோது கண்ட ஒரு பாழடைந்த வீடு, அவரது முதல் நாவலுக்கு விதையிட்டிருந்தது.

அந்த முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது. இலாபத்தில் பாதி ஆசிரியருக்கு என்பது ஒப்பந்தம். ஒரு பென்னிகூட வரவில்லை. மறு ஆண்டில் வந்த இரண்டாவது நாவலில் 375 பிரதிகள் அச்சிடப்பட்டு 140 மட்டுமே விற்றன. பதிப்பாளருக்கு 63 பவுண்டுக்கு மேல் நஷ்டம். 1850-இல் வெளியான மூன்றாவது நாவலுக்கு 20 பவுண்ட் முன்பணம் கிடைத்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. எழுதத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பின்பும், எழுத்தால் அவர் ஈட்டியது மிகச் சொற்பம். அவர் நிலைகுலையாமல் இருந்ததற்குக் காரணம் எளியது: வீட்டு அடுப்பு அஞ்சல் துறை ஊதியத்தில் எரிந்துகொண்டிருந்தது. தோல்வியைத் தாங்கும் வசதியை அந்த வேலைதான் அவருக்கு அளித்தது.

வேலை அளித்தது ஊதியத்தை மட்டுமன்று. 1851-இல் கிராமப்புற அஞ்சல் விநியோகத்தைச் சீரமைக்கும் பொறுப்புடன் தென்மேற்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பணியின் தொடர்ச்சியாகச் சானல் தீவுகளில் ஆய்வு செய்த அவரது பரிந்துரையின்பேரில்தான் 1852-இல் ஜெர்சி தீவில் சாலையோரத் தபால் பெட்டிகள் நிறுவப்பட்டன. பிரிட்டனில் இன்றளவும் காணப்படும் தூண் வடிவத் தபால் பெட்டிகளின் தொடக்கம் அதுவே. குதிரையில் சுற்றிய அந்த நாள்களில் பாதிரியார் இல்லங்கள், பண்ணை வீடுகள், வழிச்சத்திரங்கள், குறுக்குப் பாதைகள் அனைத்தும் அவருக்கு அத்துப்படியாயின. சாலிஸ்பரி தேவாலயத்தைச் சுற்றி ஒரு கோடைக்கால மாலையில் நடந்தபோது, பார்செட்ஷர் என்ற கற்பனை மாவட்டத்தின் முதல் கதை அவர் மனத்தில் உருவாயிற்று.

1855-இல் வெளியான 'தி வார்டன்' என்ற அந்தக் கதை, பொருளாதாரம் படித்தவர்களைச் சிந்திக்க வைப்பது. நூற்றாண்டுகளுக்கு முன்பு கம்பளி வணிகர் ஒருவர் ஏழை முதியவர்களுக்காக ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். காலப்போக்கில் நிலத்தின் வருவாய் பெருகியது. முதியவர்களுக்குக் கிடைப்பது சில காசுகள். அவர்களைக் கண்காணிக்கும் பாதிரியாருக்கு ஆண்டுக்கு 800 பவுண்ட். இது அநீதிதான். ஆனால் அந்தப் பாதிரியார் தீயவர் அல்லர்; இசையை நேசிக்கும் மென்மையான மனிதர். பத்திரிகை அவரைக் கொள்ளைக்காரராகச் சித்திரிக்கிறது. அதுவும் அநீதிதான். இரு தரப்பு அநீதிகளையும் ஒரே கதைக்குள் வைத்து, எவரையும் அரக்கராக்காமல் எழுதியதில்தான் டிராலப் நாவலாசிரியராக முதிர்ந்தார். நியாயம் யார் பக்கம் என்று முடிவு செய்துவிட்டு எழுத அமரும் இளைஞர்கள் இந்தச் சிறிய நாவலைப் படித்துப் பார்க்கலாம்.

'தி வார்டன்' இரண்டு ஆண்டுகளில் ஈட்டித் தந்தது சுமார் 20 பவுண்ட். ஆனால் வாசகர்களும் விமர்சகர்களும் அவரைக் கவனிக்கத் தொடங்கினர். 1857-இல் 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலுக்கு 100 பவுண்ட் முன்பணம் கிடைத்தது. பங்கு இலாபம் என்ற கானல்நீர் வேண்டாம், கையெழுத்துப் பிரதிக்கு மொத்தமாக ஒரு தொகையே வேண்டும் என்று அதன் பிறகு உறுதியாக இருந்தார். 'டாக்டர் தார்ன்' நாவலுக்கு 400 பவுண்ட் தர ஒப்புக்கொண்ட பதிப்பாளர் ஒருவர் பிறகு தொகையைக் குறைத்தபோது, டிராலப் வாதாடவில்லை. வேறொரு பதிப்பாளரிடம் சென்று அதே 400 பவுண்டைப் பெற்றுக்கொண்டார். தம் உழைப்பின் விலையை அறிந்திருப்பது பேராசை அன்று என்பது அவர் கொள்கை.

அந்த உழைப்பு எவ்வாறு நடந்தது? லண்டனுக்கு அருகே வால்தம் கிராஸ் என்ற ஊரில் வசித்த ஆண்டுகளில், காலை ஐந்தரை மணிக்கு அவர் மேசை முன் அமர்ந்துவிடுவார். அதற்கு முன்பே காபியுடன் வந்து எழுப்புவதற்காக, குதிரைப் பராமரிப்பாளருக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் கூடுதலாகத் தந்தார். தம் வெற்றிக்கு வேறெவரையும்விட அந்த மனிதருக்கே தாம் கடமைப்பட்டிருப்பதாக அவர் கருதினார். முதல் அரை மணி நேரம், முந்தைய நாள் எழுதியதைக் காது கேட்கப் படித்துப் பார்ப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற வேகத்தில் எழுதுவார். எட்டரை மணிக்கு எழுத்து முடிந்துவிடும். அதன் பிறகு அவர் அஞ்சல் துறை அலுவலர்.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். வாரங்களாகப் பிரித்துக் கோடிட்டு, அன்றன்று எழுதிய பக்கங்களைப் பதிவு செய்தார். பக்கத்துக்கு 250 சொற்கள். சொற்களை எண்ணியே கணக்கிட்டார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கங்கள், குறைந்தது 20, ஒரு வாரத்தில் 112 பக்கங்கள்கூட எழுதியதுண்டு. எழுதாத நாளின் வெற்றுக் கட்டம் தம்மைக் குற்றம் சாட்டுவதற்காகவே அந்த ஏற்பாடு. அவருக்கு மேலதிகாரியாக இருந்து வேலை வாங்கியது அந்த நாட்குறிப்புதான்.

அலுவல் பயணங்களும் அவரைத் தடுக்கவில்லை. 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி ரயில் பெட்டியில், மடியில் வைத்த சிறு பலகையின் மீது பென்சிலால் எழுதப்பட்டது. மனைவி ரோஸ் அதைப் படியெடுத்துக் கொடுத்தார். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் தபால்களை எகிப்து வழியே ரயிலில் கொண்டு செல்வதற்கான ஒப்பந்தம் பேச, 1858-இல் அவர் அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பப்பட்டார். கொந்தளிக்கும் கடலில் குமட்டலுக்கு நடுவே எழுந்து எழுந்து போய் வந்து, அன்றைய பக்கங்களை முடித்தார். எகிப்தில் ஒரு நாள் 'டாக்டர் தார்ன்' நாவலை முடித்தவர், மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார். 1871-இல் ஆஸ்திரேலியா சென்றபோது, கப்பல் அறையில் மேசை அமைக்கச் செய்து, வாரத்துக்கு 66 பக்கங்கள் வீதம் எட்டு வாரங்களில் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார். 1875-இல் நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு அவருடன் ஒரே கப்பலில் பயணம் செய்த ஹென்றி ஜேம்ஸ், காலைதோறும் அவர் அறைக்குள் அமர்ந்து எழுதியதைக் கண்டு வியந்தார்.

இவற்றைக் கேட்கும்போது, இது கலையா, தொழிற்சாலையா என்ற ஐயம் எழலாம். இங்கேதான் அவரது இளமைக்காலத்துக்குத் திரும்ப வேண்டும். விளையாட எவரும் சேர்த்துக்கொள்ளாத அந்தச் சிறுவன், தனக்குள் ஒரு கதையைத் தொடங்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்த்து வந்தான். மாயமும் மந்திரமும் அதில் கிடையாது. நடக்கக்கூடியவை மட்டுமே நடக்க வேண்டும் என்ற விதியை அவனே வகுத்துக்கொண்டான். நாவல் எழுதும் பழக்கத்துக்கு அடித்தளம் அந்தப் பகற்கனவே என்பதைப் பிற்காலத்தில் அவரே விளக்கியிருக்கிறார். கதைமாந்தருடன் நாள்தோறும் வாழ வேண்டும். உறங்கும்போதும் விழிக்கும்போதும் அவர்கள் உடனிருக்க வேண்டும். அவர்களின் வயது ஏறுவதையும் மனம் மாறுவதையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படி வாழ்ந்தவருக்கே காலை ஐந்தரை மணிக்கு எழுதுவதற்கு ஏதேனும் இருக்கும்.

1860-இல் தாக்கரே ஆசிரியராக இருந்த 'கார்ன்ஹில்' இதழின் முதல் இதழிலேயே அவரது 'ஃபிராம்லி பார்சனேஜ்' தொடராகத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற அந்த இதழ், அவரை நாடறிந்த எழுத்தாளராக்கியது. 1,000 பவுண்ட் ஊதியமும் கிடைத்தது. அவருக்குள் இருந்த ஆய்வாளர் அப்போதும் சும்மா இருக்கவில்லை. விற்பது தம் எழுத்தா, தம் பெயரா என்று அறிய விரும்பி, 1866-இலிருந்து இரண்டு நாவல்களைப் பெயர் போடாமல் வெளியிட்டார். அவை சரியாக விற்கவில்லை. தரம் ஒன்றாகவே இருந்தாலும், சந்தையில் பெயருக்குத் தனி விலை உண்டு என்பதை அவர் தம் சொந்தச் செலவில் நிரூபித்துக்கொண்டார். அறிமுகமாகாத எழுத்தாளரின் முதல் நூல் விற்காததற்குத் திறமையின்மை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்ற ஆறுதலும் இதில் அடங்கியிருக்கிறது.

வேலையை அவர் எப்போது விட்டார் என்பது கவனத்துக்குரியது. 1864-இல் எதிர்பார்த்த பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஆயினும், கோபத்தில் உடனே விலகவில்லை. ஓய்வூதியத்தை இழந்தால் எவ்வளவு வருவாய் குறையுமோ, அவ்வளவு வருவாய் தரும் சேமிப்பு கையில் சேரும் வரை பொறுத்திருந்தார். 1867-இல், ஓய்வூதியத்துக்கு எட்டு ஆண்டுகள் இருக்கும்போது, பணி துறந்தார். அப்போது அவருக்கு வயது 52. எழுத்து வருவாயோ ஊதியத்தைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டார் என்று சொல்ல முடியாது. 1868-இல் பெவர்லி தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, கடைசி இடம் பெற்று, செலவழித்த பணத்தை இழந்தார்.

விமர்சனத்தை எந்த அளவுக்குச் செவிமடுப்பது என்பதிலும் அவர் வாழ்வில் ஒரு பாடம் உண்டு. ஒரு நாள் லண்டனில் ஒரு மன்றத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, பாதிரியார்கள் இருவர் அவரது நாவல்களில் திருமதி பிரவுடி என்ற பாத்திரம் திரும்பத் திரும்ப வருவதாகச் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. எழுந்து சென்று, அவளை அந்த வாரமே கொன்றுவிடுவதாக அவர்களிடம் சொல்லிவிட்டு, 'தி லாஸ்ட் க்ரானிக்கிள் ஆஃப் பார்செட்' நாவலில் அவ்வாறே செய்தார். பின்னர் அதற்காக அவர் வருந்தியதுண்டு. வாசகரின் அலுப்பு உண்மையானது. ஆனால் தம் பாத்திரத்தின் ஆயுளை முடிவு செய்யும் உரிமையை அவ்வளவு விரைவாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டுமா என்பது அவருக்கே விடை தெரியாத கேள்வியாக நின்றது.

1875-இல் நூலாக முழுமை பெற்ற 'தி வே வீ லிவ் நவ்' நாவலை அவரது உச்சப் படைப்பு என்று பலர் இன்று கருதுகின்றனர். மெல்மோட் என்ற நிதிச் சூதாடி, அமெரிக்காவில் போடப்படாத ரயில் பாதையின் பங்குகளை லண்டனில் விற்கிறான். பிரபுக்களும் அரசியல்வாதிகளும் அவன் வாசலில் காத்துக்கிடக்கின்றனர். அவன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகிவிடுகிறான். பங்குச்சந்தை மோசடிகள் வெளிவரும்போதெல்லாம் உலகெங்கும் இந்த நாவல் மீண்டும் நினைவுகூரப்படுகிறது. வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் பலர் இதைக் கசப்பான நூல் என்று ஒதுக்கினர். ஒரு காலத்தில் ஒரு நாவலுக்கு 3,000 பவுண்டுக்கு மேல் பெற்றவரின் சந்தை மதிப்பு அந்த ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்தது. ஓயாமல் எழுதிக் குவித்ததும் அதற்கு ஒரு காரணம். வழங்கல் மிகுந்தால் விலை குறையும் என்ற விதிக்கு எழுத்தும் விலக்கில்லை.

1882 டிசம்பர் 6 அன்று டிராலப் மறைந்தார். முழுவதும் எழுதி முடிக்காத நாவலைத் தொடராக வெளியிடக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய விதி. இறக்கும்போது அவரது கடைசி நாவல் முடிவுறாத நிலையில் தொடராக வந்துகொண்டிருந்தது. அவரே வலியுறுத்திய விதி அவரது கடைசி நாவலில் மீறப்பட்டிருந்தது.

மறு ஆண்டில் அவரது தன்வரலாறு வெளியானது. அதில் தம் காலை நேர அட்டவணையையும் நாட்குறிப்பையும் விவரித்திருந்தார். 1879 வரை ஒவ்வொரு நூலும் ஈட்டிய தொகையைப் பட்டியலிட்டு, மொத்தம் 68,939 பவுண்ட், 17 ஷில்லிங், 5 பென்ஸ் என்று கணக்கு முடித்திருந்தார். எழுத்தாளரைச் செருப்புத் தைப்பவருடன் ஒப்பிட்டு, இருவரும் உழைப்பாளிகளே என்றும் வாதிட்டிருந்தார். கலை என்பது தெய்வீக ஆவேசம் என்று நம்பியவர்களால் இதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அவரது மதிப்பு பல்லாண்டுகள் தாழ்ந்து கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மக்கள் அவரை மீண்டும் விரும்பிப் படிக்கத் தொடங்கினர். 1993-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. கடிகாரத்தைப் பார்த்து எழுதிய பக்கங்களில் உயிர் இருந்ததா என்ற கேள்விக்கு, ஒரு நூற்றாண்டுக் காலம் கழித்து வாசகர்கள் தந்த தீர்ப்பு அது.

எழுதத் தொடங்குவோர் இந்த வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 250 சொற்கள் என்ற எண்ணை அன்று. ஒவ்வொருவரின் வேகமும் வேறு. ஒரு பக்கத்தைப் பத்து முறை திருத்தி எழுதிய மேதைகளும் உண்டு; திருத்துவதற்குக் கூடுதல் நேரம் அளித்திருந்தால் டிராலப்பின் சில நாவல்கள் மேலும் சிறந்திருக்கும் என்பதும் உண்மை. எடுத்துக்கொள்ள வேண்டியது, நேரத்தை அவர் நடத்திய விதத்தை. பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்றொரு கருத்து உண்டு: ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றே அதன் உண்மையான விலை. எழுத்துக்கு டிராலப் கொடுத்த விலை விடியற்காலை உறக்கம், குடும்பத்தின் உணவன்று.

பிழைப்புக்கு ஒரு வேலை இருப்பது எழுத்துக்குத் தடை என்று எண்ணி மனம் சோர்வோருக்கு அவரது வாழ்க்கை மறுமொழி சொல்கிறது. அந்த வேலைதான் பன்னிரண்டு ஆண்டுத் தோல்வியைத் தாங்கியது. அந்த வேலையின் பாதைகளில்தான் கதைமாந்தர் எதிர்ப்பட்டனர். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. நாளைக்கு ஒரு பக்கம் எழுதினாலும் ஆண்டின் முடிவில் ஒரு நாவல் அளவுக்குத் தாள்கள் சேர்ந்துவிடும். அவற்றில் உயிர் இருக்குமா என்பதை, அந்தப் பக்கங்களுக்கு வெளியே இருக்கும் மணி நேரங்களில் நாம் எவருடன் வாழ்கிறோம், எதைக் கூர்ந்து கவனிக்கிறோம் என்பதே தீர்மானிக்கும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).